இதுல என்ன கத்துக்கிட்டே?

அப்பாக்களில் பல வகை உண்டு. பிள்ளை எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்க்கும் அப்பா ஒரு வகை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டே பிள்ளையைக் காணோம் என்று தேடும் அப்பா இன்னொரு வகை. இவர்களெல்லாம் பழைய ஆட்கள், உங்களுக்கே தெரிந்தவர்கள். நான் இன்று காட்டப்போவது அண்மைக் காலத்தில் எக்கச்சக்கமாகப் பெருகிவிட்ட ஒரு புது வகை. இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. இப்போதைக்கு 'என்ன கத்துக்கிட்டே அப்பா' என்று வைத்துக்கொள்வோம். அம்மாக்களிலும் இந்த வகை உண்டு. ஆனால் அவர்களுக்கு வீட்டில் வேறு வேலையும் இருப்பதால் நோய் இந்த அளவுக்கு முற்றுவதில்லை.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பூங்காவுக்குப் போங்கள். மணலில் ஒரு குழந்தை தன்பாட்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல், குந்திய நிலையில் ஒருவர் தத்தளித்துக்கொண்டிருப்பார். குரல் மட்டும் வழக்கத்தைவிட ஒரு படி மேலே ஏறியிருக்கும். "அடடே! குழி தோண்டுறியா? எவ்ளோ ஆழம்? விரல் அளவா, முழங்கை அளவா? மேல் மண்ணு காஞ்சிருக்கு, அடி மண்ணு ஈரமா இருக்கு, பாத்தியா? ஏன் அப்படி? யோசிச்சுச் சொல்லு பாப்போம்!" குழந்தை யோசிக்காது. அதற்கு வேலை இருக்கிறது. அது குழி தோண்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் பந்து. "இது என்ன கலர்?" என்பார். பந்து நீலம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடையில் காசு கொடுத்து வாங்கியதே அவர்தான். நேற்றும் கேட்டார், நேற்றும் நீலம்தான். தெரிந்த விஷயத்தையே தினமும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஆள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் அவரைப் பற்றி என்ன பேசிக்கொள்வீர்கள்? அதைத்தான் குழந்தைகளும் இவரைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன.

பொம்மைக் கடையில் இவரைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராகப் பின்பக்கம். 'பொறுமை வளரும், ஞாபகசக்தி கூடும், கையும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும்' என்று மூன்று பலன் போட்டிருந்தால், நான்கு போட்டிருக்கும் பெட்டியைத் தேடுவார். இதற்குள் மகள் ஒரு சாதாரண ரப்பர் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். இவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். பின்பக்கமே இல்லாத பொருள். என்ன செய்வார், பாவம்?

"இதுல என்னம்மா இருக்கு?"

"காத்து இருக்குப்பா."

இந்த மனிதர் ஒரு காலத்தில் விளையாட்டு என்றால் வெட்டிப்பொழுது என்று நம்பியவர். பிறகு ஒருநாள் ஒரு கூட்டத்துக்குப் போனார். குழந்தை விளையாட்டில்தான் எல்லாவற்றையும் கற்கிறது என்று அங்கே சொன்னார்கள். மனிதர் அப்படியே ஆடிப்போய்விட்டார். இவ்வளவு முக்கியமான காரியத்தையா இத்தனை நாளும் குழந்தைகளை நம்பி விட்டுவைத்திருந்தோம் என்று பதறிப்போய், அன்றே பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இந்த ஆளைப் பற்றி இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் முகம் மழிக்கும்போது பார்க்கிறேனே.

என் தொழில் லிஃப்ட் பரிசோதனை. நீங்கள் லிஃப்டில் ஏறியதும், கூட நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு காகிதத்தை ரொம்ப அக்கறையாகப் படிப்பீர்களே, 'எட்டுப் பேர் மட்டும், பரிசோதித்த நாள் இன்னது' என்று? அதன் அடியில் கோழி கிளறியது போல இருக்கும் கையெழுத்து என்னுடையது. இருபது வருடமாக இதே வேலை. பத்துக் கதவு திறந்தால் பத்தையும் நேரம் பார்த்துக் குறிப்பேன். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் கை தானாகப் பொத்தானைத் தட்டிப்பார்க்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நான் மேலே போய்ச் சேருவேன். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டால் என் மனைவி, "வந்துட்டார், லிஃப்ட்ல இருக்கார்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். ஆறு வயது, முதல் வகுப்பு. பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், யாரும் கூப்பிடுவதில்லை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எதிர்வீட்டில் அவள் வயதில் இன்னொரு சிறுமி இருக்கிறாள். ஆள் சின்னது என்பதால் சுண்டு. இருவரும் பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்த இடத்தில் எறிந்துவிட்டு, எங்கள் வீட்டு உள்ளறையில் புகுந்துகொள்வார்கள். நான் வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாலு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "அப்பா, விளையாட வர்றியா?" தினமும் கேட்பாள். நானும் தினமும், "இரும்மா, டீ குடிச்சிட்டு வரேன்" என்பேன். டீ குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன். அவள் மறுநாளும் கேட்பாள். அந்தக் கேள்வியின் மதிப்பு அப்போது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் நாற்பது பேர், முழங்கால் காதைத் தொட, உட்கார்ந்திருந்தோம். வகுப்பு டீச்சர் நல்ல பெண். விளையாட்டின் வழியாகக் கற்பது பற்றி ஒரு மணி நேரம் அழகாகப் பேசினார். குழந்தை கடை வைத்து விளையாடும்போது கணக்கு வருகிறது, சண்டை போட்டுச் சமாதானம் ஆகும்போது பேச்சு வருகிறது, கட்டைகளை அடுக்கி அது சரியும்போது மறுபடி அடுக்கும் மனசு வருகிறது என்றெல்லாம் சொன்னார். கடைசியில், "நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், அவங்களச் சும்மா விட்டா போதும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கை தூக்கினேன்.

"டீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் சும்மா விடணும்?"

"நிமிஷக் கணக்கெல்லாம் இல்ல சார். சும்மா விடுங்க."

"சரிங்க. சும்மா விடுறப்போ நாம பக்கத்துல இருந்து என்னென்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சார்."

"அது புரியுது டீச்சர். ஒண்ணும் செய்யாம இருக்கறத எப்படிச் செய்யணும்? ஏதாவது படிவம் மாதிரி இருக்கா?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு, "உங்களுக்கு டீ கொண்டுவரச் சொல்லவா சார்?" என்றார்.

படிவம் இல்லையாம்! ஒரு பள்ளிக்கூடம் படிவம் இல்லாமல் நடக்கலாம். ஒரு பரிசோதகன் வீடு நடக்கலாமா? அன்று சாயங்காலமே எங்கள் அலுவலகப் படிவம் ஒன்றை எடுத்துத் திருத்தினேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். 'பரிசோதித்த இயந்திரம்' என்ற இடத்தில் 'விளையாட்டு' என்று மாற்றினேன். 'கண்ட குறைகள்' என்ற இடத்தில் 'கற்றது என்ன'. எங்கள் படிவத்தில் 'அழைத்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. யார் கூப்பிட்டு நாங்கள் போனோம் என்பதற்காக. அதை மாற்றத் தோன்றாமல் அப்படியே விட்டுவிட்டேன். படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். மனைவி வந்து படித்தாள். அவள் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள், படிவம் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை.

"ஏங்க, குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்றாள்.

மறுநாள் வாலு கூப்பிட்டதும் டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவளுக்கு அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளறையில் அவளும் சுண்டுவும் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தலை துவட்டல், பவுடர், எல்லாம் உண்டு. நான் விடுவேனா? மூடி, சாவி, பென்சில், தக்கை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

"இப்போ அப்பா ஒவ்வொண்ணாப் போடுவேன். எது மிதக்கும், எது மூழ்கும்? முதல்ல கல்லு. சொல்லு பாப்போம்!"

"போடாதப்பா. அது குளிக்குது. மூழ்கினா அழும்."

"கல்லு அழாதும்மா. கல்லு ஏன் மூழ்குது தெரியுமா? அதோட எடை..."

சுண்டு ஒரு கல்லைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். நான் நாற்பது நிமிடம் நடத்தினேன். முடிவில், "சரி, இதுல என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். வாலு என் முகத்தைப் பார்த்தாள். நான் எதிர்பார்ப்பது எது என்று தேடினாள். "கல்லு மூழ்கும்" என்றாள். எழுதிக்கொண்டேன். அவள் போய்க் கற்களைத் துடைத்து, வரிசையாகப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே எழுதவில்லை.

இப்படியே போயிற்று. கடை வைத்தார்களா, நான் மீதிச் சில்லறை கேட்டேன். பேருந்து ஓட்டினார்களா, நான் இடது பக்கம் வலது பக்கம் கேட்டேன். டாக்டர் விளையாட்டில் நோயாளியாகப் படுக்கச் சொன்னார்கள். படுத்துக்கொண்டே உடம்பில் மொத்தம் எத்தனை எலும்பு என்று கேட்ட நோயாளி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூங்காவில் எனக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். மருந்துக்கடைக்காரர். தன் மகனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது ஒவ்வொரு தள்ளலையும் எண்ணுவார், ஒற்றைப்படைத் தள்ளல் மெதுவாக, இரட்டைப்படைத் தள்ளல் வேகமாக. நாங்கள் இருவரும் ஊஞ்சல் பக்கம் நின்று, இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைகளை விளையாட விடுவதில்லை என்று வருத்தப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசியபடியே நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பதில்தான் பார்த்தோம், ஊஞ்சல் காலி. பையன் எப்போதோ இறங்கிப் போய், எங்கள் வாலுவோடு சேர்ந்து சேற்றில் குதித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை. பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனவன், நின்ற வாக்கில் படிவத்தைப் படித்தேன். நம் கையெழுத்தை நாமே மெச்சிக்கொள்ளும் சுகம் இருக்கிறதே! மேலிருந்து கீழே வந்தேன். 'அழைத்தவர்' கட்டம் கண்ணில் பட்டது. முதல் வாரம்: மகள், மகள், மகள், மகள். இரண்டாம் வாரம்: மகள், நான், மகள், நான். அப்புறம்: நான், நான், நான், நான். கீழே, கீழே, பக்கம் முடியும்வரை நான்தான். பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி எண்ணிப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

மறைப்பானேன்? அழுகையே வந்துவிட்டது. லிஃப்ட் கயிற்றில் ஒரு நூல் பிரிந்தால் கண்டுபிடித்துவிடுகிற ஆள், வீட்டில் இது அறுந்ததை ஒரு மாதமாகக் கவனிக்கவில்லை. என் கையால் நானே ஒவ்வொரு நாளும் எழுதியும்கூட.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. நான் உள்ளறைக் கதவைத் திறந்தால் உள்ளே பேச்சு சட்டென்று நின்றுவிடும். இரண்டு பேரும் மேலதிகாரி வந்துவிட்ட குமாஸ்தாக்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். "என்னம்மா விளையாடுறீங்க?" என்றால், "ஒண்ணும் விளையாடலப்பா. சும்மா உக்காந்திருக்கோம்" என்பாள் வாலு. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு, மிகத் தெளிவாக வேறு யாராகவோ இருந்துகொண்டிருக்கும்.

மனைவியிடம் சொன்னேன். "கூப்பிடவே மாட்டேங்கிறா."

"கூப்பிட்டா பரீட்சை வைக்கிறீங்க. யாரு கூப்பிடுவா?"

"நல்லதுக்குத்தானே கேக்கறேன்?"

"என் தம்பி வந்தா என்ன கேக்கறான்? அவன்கிட்ட எப்படி ஒட்டிக்குதுங்க!"

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரி ஓட்டுநர். மாதத்துக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வருவான். வந்ததும் உள்ளறைத் தரையில் கைகால் பரப்பிக் குப்புறப் படுத்துக் குறட்டை விடுவான். அவ்வளவுதான் அவன் செய்வது. ஆனால் குழந்தைகளுக்கு மாமா என்றால் உயிர். அவன் முதுகு மலை. குறட்டை வந்தால் எரிமலை. ஒரு கால் பாலம், மறு கால் முதலை. அவன் எழுந்து உட்கார்ந்தால் முகமெல்லாம் சாக்பீஸ், தலையில் நாலு கிளிப், காதில் ஒரு கரண்டி தொங்கும். பொறாமையை விழுங்கிக்கொண்டு ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

"எப்படிடா இவங்களோட விளையாடுற?"

"நான் எங்க அத்தான் விளையாடினேன்? தூங்கிட்டேன்" என்றான். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தைகள் இருக்கும் நேரமாகப் பார்த்து, உள்ளறைத் தரையில் குப்புறப் படுத்தேன். கைகால் அதே அளவில் பரப்பி, முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, குறட்டையும் அளவாக விட்டேன். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் தலைமாட்டில் கிசுகிசுப்பு.

"உங்கப்பா தூங்கறாரா?"

"இல்ல. கண்ணு உள்ள உருளுது பாரு."

"அப்போ என்ன செய்றாரு?"

"கவனிக்கிறாரு" என்றாள் என் மகள். அந்தக் குரலில் கோபம் இல்லை. 'வெளியே மழை பெய்யுது' என்று சொல்வது மாதிரி சொன்னாள். இருவரும் என்னைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வெளியே போய்விட்டார்கள். நான் மானம்கெட்டுப்போய் அரை மணி நேரம் அங்கேயே கிடந்தேன். எழுந்தால் தூங்கவில்லை என்று தெரிந்துவிடுமே!

இரண்டு வாரம் கழித்து அந்த நாள் வந்தது. விடுமுறை. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து சுண்டுவின் குரல் கேட்டது. "டிங்! மூணாவது மாடி!"

செய்தித்தாள் கையைவிட்டு நழுவியது. லிஃப்ட்! லிஃப்ட் விளையாட்டு! இருபது வருட அனுபவம், எட்டு நிறுவனங்களின் இயந்திரம் தெரியும், என் மகள் என் வீட்டில் லிஃப்ட் விளையாடுகிறாள், என்னைக் கூப்பிடவில்லை! பூனை மாதிரி போய்க் கதவு இடுக்கில் கண் வைத்தேன். துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, துணியையெல்லாம் கட்டிலில் குவித்துவிட்டு, அதற்குள் இருவரும் நின்றிருந்தார்கள். அலமாரிக் கதவுதான் லிஃப்ட் கதவு.

"டிங்! பல் டாக்டர் மாடி. யாராவது இறங்கணுமா? இல்ல. டிங்! மழை மாடி. குடை இருக்கறவங்க மட்டும் இறங்குங்க. டிங்! ஒண்ணுமே இல்லாத மாடி."

"அங்க என்ன இருக்கு?"

"அதான் சொன்னேனே."

கதவு பாதி திறந்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்புகிறது. ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவில் நிற்கிறது. மூன்றாவது மாடிக்கு அப்புறம் எண்ணே இல்லை. ஐயோ, எத்தனை விதிமீறல்! என் வாய் அரித்த அரிப்பு எனக்குத்தான் தெரியும். செய்தித்தாளைச் சுருட்டிப் பல்லால் கடித்துக்கொண்டேன். அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. கதவு திறந்தது. நான் வாயில் செய்தித்தாளோடு, மண்டிபோட்ட நிலையில், அசடு வழிய.

சுண்டு சொன்னாள், "உங்கப்பா."

வாலு என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளை வாயிலிருந்து எடுத்தேன். எடுத்ததும் எத்தனையோ கேள்வி தொண்டைவரை வந்து முட்டியது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

இருவரும் அலமாரிக்குள் திரும்பி நின்று ஆலோசனை செய்தார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

"ரிப்பேர்காரரா வரட்டும்."

"வேணாம். ரிப்பேர்காரர்னா பேசுவாரு."

"அப்போ மாட்டிக்கிட்டவர்?"

"ஆமா! மாட்டிக்கிட்டவர் பேசினாலும் வெளிய கேக்காது!"

இப்படியாக எனக்கு வேலை கிடைத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர். அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது. கதவைச் சாத்தி, வெளியே ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தார்கள். இருட்டு. கழற்றி மாட்டிய என் வேலைச் சட்டையின் கிரீஸ் வாசனை. எத்தனையோ தடவை மாட்டிக்கொண்டவர்களை வெளியிலிருந்து மீட்டிருக்கிறேன். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, அசையாம இருங்க" என்று கதவு இடுக்கு வழியாகக் கத்தியிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

வெளியே பேச்சு கேட்டது.

"ஹலோ, ஹலோ? லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டார். யாருன்னு தெரியல. பெரியவர்தான். மீசை இருக்கு."

"நல்லவரா?"

கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் நான் காதைக் கதவோடு ஒட்டிவைத்தேன்.

"நல்லவர்தான். சீக்கிரம் வாங்க."

பிறகு காலடிச் சத்தம் ஓடி, கூடம் தாண்டி, தேய்ந்து, ஒன்றும் இல்லை. நான் காத்திருந்தேன். என்னை மறந்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்களோ? கதவைத் தள்ளினால் நாற்காலி விழுந்துவிடும், வெளியே வந்துவிடலாம். ஆனால் தள்ளத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டவர் தள்ளக் கூடாது, அது எனக்குத் தொழில்முறையிலும் தெரியும். இருட்டில் கையைத் துழாவினேன். ஈரமில்லாத, குளிர்ந்த, வழவழப்பான ஒன்று கிடைத்தது. குளிப்பாட்டிய கூழாங்கல். ஒரு கைக்குட்டையில் சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல் இதுநாள்வரை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதைச் சரியாகப் போர்த்திவிட்டேன். ஏன் போர்த்தினேன் என்று கேட்காதீர்கள்.

ஒருவழியாக ஓடிவரும் சத்தம். நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. தலையில் பிளாஸ்டிக் கூடை கவிழ்த்துக்கொண்டு இரண்டு மீட்புப் படைவீரர்கள்.

"உயிரோட இருக்கீங்களா?"

தலையாட்டினேன்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். சத்தியமாக இருந்தது.

வாலு ஒரு காலித் தம்ளரை நீட்டினாள். "தண்ணி குடிங்க. மெதுவா குடிங்க." வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, ஏதோ சாதாரணமாக, சுண்டுவைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நாளைக்கும் மாட்டிக்கிறியா?"

வாசகர்களே, கூப்பிட்டுவிட்டாள்! நாற்பத்தெட்டு நாள் கழித்து! என்னால் உட்கார முடியவில்லை. நேராகச் சமையலறைக்கு ஓடினேன். படிவத்தைக் காந்தத்தோடு பிடுங்கினேன், பேனாவைத் திறந்தேன், 'அழைத்தவர்' கட்டத்தில் 'மகள்' என்று எழுதினேன். எழுதிய கை அங்கே நிற்க வேண்டியதுதானே? பழக்கதோஷம். அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. 'கற்றது என்ன.' வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"வாலு, இதுல நீ..."

திரும்பினேன். அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கூடை இன்னும் தலையில். அவள் கண் என் முகத்திலிருந்து பேனாவுக்கும், பேனாவிலிருந்து காகிதத்துக்கும் போயிற்று. முகம் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். 'சும்மா உக்காந்திருக்கோம்பா' முகம். போச்சு, எல்லாம் போச்சு, உன் வாயில் மண்ணைப் போட என்று என்னை நானே திட்டிக்கொண்டு நின்றேன். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை.

அப்போது அவள் படிவத்தை என் கையிலிருந்து உருவினாள். புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"லிஃப்ட்ல காகிதம் ஒட்டவே இல்லப்பா. எல்லா லிஃப்ட்லயும் நீ எழுதினது ஒட்டியிருக்குமே. எழுதிக் கொடு."

மேசையில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்தேன். "என்ன எழுதணும்?"

"எத்தனை பேர் ஏறலாம்னு எழுது."

"எத்தனை பேர்?"

"நானும் வாலுவும் ரெண்டு" என்றாள், அதற்குள் பின்னாலேயே வந்து நின்ற சுண்டு.

"அப்பா?" என்று கேட்டேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நான் கயிற்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நான் அப்படியே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன். இன்றைக்கும் எங்கள் துணி அலமாரிக்குள் அது ஒட்டியிருக்கிறது: 'இரண்டு பேர் மட்டும். பேசாவிட்டால் மூன்று பேர்.'

இப்போது நான் அநேகமாகத் தினமும் மாட்டிக்கொள்கிறேன். படிவம் போடுவதில்லை. ஒரு நாள் உள்ளே எத்தனை நிமிடம் இருந்தேன் என்று மட்டும் கைக்கடிகாரத்தில் பார்த்தேன், பதினொன்று. வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

சரி, உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், 'நல்ல வேளை, நாம் இப்படி இல்லை' என்று நினைத்துக்கொண்டீர்கள், எல்லாம் சரி. இந்தக் கடைசிப் பத்திக்கு வந்ததும் உங்களுக்குள் ஒரு சின்ன அரிப்பு எழுந்ததா? 'அது சரி, மொத்தத்தில் இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?' என்று நாக்கு நுனிவரை வந்ததா? வந்துவிட்டதா? அப்படியானால் வாருங்கள், கூச்சப்படாதீர்கள், நீங்களும் நம்ம ஆள்தான். கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன். வாயை மட்டும் மூடிக்கொள்ளுங்கள், நான்கு பேர் என்று திருத்தி எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன்.